சிசேரியன் முடிந்து ஐந்து வாரம்: தையல், தண்ணீர், அடுத்த பிரசவம்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை பார்க்கிறார். ஐந்து வாரங்களுக்கு முன் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கர்ப்பத்தின் ஏழாவது மாதத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்து, உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்திருக்கிறார். வலி எடுத்து, கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் வரை திறந்த பிறகு அதற்குமேல் பல மணி நேரம் நகரவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியதும் அவசரமாக சிசேரியன் செய்திருக்கிறார்கள்.

நாத்தனாருக்குத் தனியார் மருத்துவமனையில் “தையலே தெரியாமல்” செய்தார்களாம். இவருக்கோ வயிற்றில் பூரான் ஊர்ந்தது போலத் தடம் இருக்கிறது. ஆபரேஷன் நடந்தபோது “ஒரே லேயர் போதும்” என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்ததிலிருந்து உள்தையல் பிரிந்துவிடுமோ என்று பயம். பன்னிரண்டாம் நாள் தையலின் ஓர் ஓரத்தில் நீர் போலக் கசிந்திருக்கிறது. இப்போதும் அந்த இடம் சில நாட்கள் ஈரமாக இருக்கிறது. புண் சீழ் பிடித்துவிடும் என்று மாமியார் வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்தான் கொடுக்கிறார். பருப்பு, முட்டை, கீரை எல்லாம் விலக்கு. பழைய நூல் புடவையால் மூச்சு முட்டும்படி வயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். முதுகு வலிக்கிறது, மயக்க ஊசிதான் காரணம் என்கிறார்கள். தையலுக்கு மேலே தொட்டால் உணர்ச்சியே இல்லை. “எப்படியும் அறுக்கத்தானே போகிறார்கள், அடுத்த வருடமே இரண்டாவதையும் பெற்றுவிடலாம்” என்கிறார் கணவர். 60 நாளில் வேலைக்கு வரச் சொல்கிறார் சூப்பர்வைசர். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “வலி தாங்காமல் தோற்றுவிட்டேனோ என்று இருக்கிறது. சாயங்காலமானால் அழுகை வருகிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. நீங்கள் சோம்பேறி இல்லை, தோற்கவும் இல்லை. ஐந்து வாரங்களுக்கு முன் உங்கள் வயிற்றில் ஒரு பெரிய அறுவை நடந்திருக்கிறது. குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ அறுவை செய்துகொண்டு வீட்டுக்கு வருகிறவரைப் படுக்க வைத்துச் சத்தான சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். சிசேரியன் ஆனவரின் கையில் குழந்தை இருப்பதால், அவருக்கு அறுவை நடந்ததையே வீடு மறந்துவிடுகிறது. இரவில் நான்கு முறை எழுந்து பால் கொடுத்துக்கொண்டு, அரை டம்ளர் தண்ணீரில் அந்தக் காயத்தை ஆற்றிக்கொண்டிருக்கிறீர்கள். களைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எட்டு சென்டிமீட்டர் வரை வலியைத் தாங்கியிருக்கிறீர்கள். நின்றது பிரசவத்தின் முன்னேற்றம். இறங்கியது குழந்தையின் இதயத்துடிப்பு. இரண்டுமே உங்கள் மன உறுதி சம்பந்தப்பட்டவை அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 21.5. நம் மாநிலத்தில் தேவைக்கு அதிகமாகவே சிசேரியன் நடக்கிறது என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அந்தக் கணக்கில் வராது. தேவைப்பட்ட நேரத்தில் செய்திருக்கிறார்கள்.

வெளித்தையலும் உள்தையலும்

உங்கள் நாத்தனாருக்குத் தோலுக்கு அடியிலேயே ஓடும், தானே கரையும் நூலால் தைத்திருப்பார்கள். உங்களுக்குத் தோலுக்கு வெளியே தனித்தனி முடிச்சுகளாகப் போட்டு, ஒரு வாரம் கழித்துப் பிரித்திருப்பார்கள். தடம் தெரிவதற்கு அதுதான் காரணம். அழகு என்று பார்த்தால் அவருடையது மேல். ஆனால் தோல் தையல் வயிற்றைத் தாங்குவதில்லை. உங்களைத் தாங்குவது அதற்கு அடியில் இருப்பவை.

உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அடிவயிற்றில் குறுக்காகத் தோலை வெட்டுகிறோம். 1900இல் ஃபானன்ஸ்டீல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த முறை இது. பிறகு கொழுப்பு, அதன்கீழ் வெண்மையாகப் பளபளக்கும் கெட்டியான தசை உறை. அதற்கடியில் நடுக்கோட்டின் இருபுறமும் இருக்கும் வயிற்றுத் தசைகளை நாம் வெட்டுவதில்லை. இரண்டு விரல்களை நுழைத்துப் பக்கவாட்டில் விலக்குகிறோம். பிறகு வயிற்றறையின் மெல்லிய சவ்வு, சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்கியபின் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி. அங்கே கத்தியால் சிறிதாகக் கீறி, மீதியைப் பெரும்பாலும் விரலாலேயே அகலப்படுத்துவோம். குழந்தை வெளியே வருவதற்குச் சில நிமிடங்கள்தான். அதன்பின் தைப்பதற்குத்தான் நேரம் எடுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுகாலம் கர்ப்பப்பையைத் தைக்காமலேயே வயிற்றை மூடினார்கள். பெரும்பாலான தாய்மார்கள் ரத்தப்போக்கிலும் தொற்றிலும் இறந்தார்கள். 1882இல் மாக்ஸ் சேங்கர் கர்ப்பப்பையைத் தைத்தே ஆக வேண்டும் என்று வாதிட்டு முறையை எழுதிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. மேற்பகுதியில் நெடுக்காக வெட்டுவதை விட்டுக் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை கிளாஸ்கோ மருத்துவர் மன்ரோ கெர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக்கினார். இன்று நாம் செய்வது அதைத்தான்.

அந்த ‘ஒரே லேயர்’ பற்றி: கர்ப்பப்பையை ஒரு அடுக்காகத் தைப்பதா, இரண்டு அடுக்காகவா என்பது எங்களுக்குள்ளேயே நெடுநாள் நடந்த வாதம். ‘கொரோனிஸ்’ என்ற பெரிய ஆய்வு இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் இதையும் வேறு சில நுணுக்கங்களையும் ஒப்பிட்டது. 2013இல் முடிவு வந்தது. ஒரு அடுக்குக்கும் இரண்டு அடுக்குக்கும் இடையே தாயின் நலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாண்டு கழித்து மறுபடி விசாரித்தபோதும், அடுத்த கர்ப்பத்திலும் ஒன்று மற்றதைவிட மோசம் என்று தெரியவில்லை. எனவே உங்கள் டாக்டர் அவசரத்தில் அரைகுறையாகச் செய்யவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இப்போது உட்கார்ந்தாலோ இருமினாலோ கர்ப்பப்பைத் தையல் பிரிந்துவிடாது.

கவனிக்க வேண்டியது தசை உறைதான். அது வலுப்பெற ஆறு வாரம் போல ஆகும். அதுவரை குழந்தையின் எடையைவிட அதிகமாக எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், நனைந்த துணி வாளி மூன்றும் ஆகாது. படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

தையலுக்கு மேலே உணர்ச்சி இல்லாமல் இருப்பது, தோலை வெட்டும்போது அங்கே ஓடும் மெல்லிய நரம்புகளும் வெட்டுப்படுவதால். பல மாதங்களில் மெதுவாகத் திரும்பும். சிலருக்கு ஒரு சிறு இடம் மரத்தே நின்றுவிடும். ஆபத்தில்லை. இடையில் சுருக்கென்று குத்துவதும் அரிப்பதும் வரும்.

அந்த ஈரக் கசிவு

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். பன்னிரண்டாம் நாள் வந்தது பெரும்பாலும் தோலுக்கடியில் தேங்கிய நிணநீர். அது தானே வடிந்துவிடும். ஆனால் ஐந்து வாரமாகியும் ஈரம் வருகிறது என்றால், ஓரத்தில் ஒரு சிறு புண் ஆறாமல் இருக்கலாம், கரையாத நூல்முனை உறுத்திக்கொண்டிருக்கலாம், அல்லது வயிற்று மடிப்பின் வியர்வையில் தோல் ஊறியிருக்கலாம். மூன்றில் எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும். புடவையால் இறுக்கிக் கட்டுவது அந்த மடிப்பை இன்னும் புழுங்க வைக்கிறது.

தினமும் சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் குளியுங்கள். மடிப்பைத் தூக்கிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி உலர விடுங்கள். மஞ்சள், விபூதி, பவுடர், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். தளர்வான பருத்தி உடுப்பு அணியுங்கள். உள்பாவாடை நாடா தையல்மேல் விழாமல் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர் நீங்கள். சர்க்கரை இன்னும் கூடுதலாக இருந்தால் புண் ஆறத் தாமதமாகும். பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பலர் “குழந்தை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது” என்று இதை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இது அடுத்த வாரமே செய்ய வேண்டிய வேலை. இனி ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை டம்ளர் வெந்நீர்

உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருக்கு அவருடைய மாமியார் சொன்னதைச் செய்கிறார். ஆனால் குடிக்கிற தண்ணீர் தையலுக்குப் போய்ச் சீழாவதில்லை. அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சேர்கிறது. சீழ் பிடிப்பது கிருமியால். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். முக்கும்போது தையல் வலிக்கும். சிறுநீர்த் தொற்று வரும், தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம் கூடுதலாகவே இருக்கும். உடலில் நீர் வற்றுவது அதற்கும் துணைபோகிறது. தாகத்துக்கு வேண்டிய அளவு குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். வெந்நீர்தான் வேண்டும் என்றால் வெந்நீராகவே குடியுங்கள். அளவுதான் முக்கியம்.

பருப்பும் முட்டையும் மீனும் புண்ணைச் ‘சலம்’ வைக்காது. வெட்டுப்பட்ட சதை கூடுவதற்குப் புரதம் வேண்டும். அதைக் கொடுக்காமல் ஆறு ஆறு என்றால் எப்படி ஆறும்? பத்தியத்தில் நல்லதும் உண்டு. பூண்டு, மிளகு ரசம், கருவாடு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். விலக்குவதை மட்டும் நிறுத்துங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் தினம் ஒன்றாக விடாமல் போட வேண்டும். கால்சியம் மாத்திரையும் உண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். மாத்திரை போட்டால் பால் சுரப்பு குறையும் என்று வலி மாத்திரையை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். குறையாது. பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் இரண்டும் பால் கொடுக்கும்போது எடுக்கத் தகுந்தவை. டாக்டர் எழுதிய அளவில் போடுங்கள். வலியோடு உட்கார்ந்து கொடுப்பதுதான் பால் கொடுப்பதைக் கெடுக்கும்.

வயிற்றைக் கட்டுவதில் தவறில்லை. நடக்கும்போது ஒரு பிடிமானமாக இருக்கும். தொப்பை அதனால் குறையாது. மூச்சு முட்டும் இறுக்கம் அடிவயிற்று உறுப்புகளைக் கீழ்நோக்கித் தள்ளும். இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

இதை நீங்கள் வீட்டில் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் விஷயத்தை நேராகக் கேளுங்கள். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு, நர்ஸ் அம்மா சொன்னால் வைத்தியம்.

முதுகுவலிக்கு ஊசி காரணமா?

இல்லை. தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறோம். ஊசி நுழைந்த இடம் சில நாட்கள் வலிக்கலாம், மாதக்கணக்கில் வலிக்காது. ஊசி போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே அளவு முதுகுவலி இருக்கிறது. உங்கள் வலிக்குக் காரணம் கடிதத்திலேயே இருக்கிறது: தரையில் பாயில் உட்கார்ந்து, சுவரில் சாயாமல், குழந்தையின்மேல் குனிந்து பால் கொடுக்கிறீர்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் அப்படிக் குனிந்திருந்தால் யாருக்கும் வலிக்கும். நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்காருங்கள், மடியில் இரண்டு தலையணை வையுங்கள், குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். இரவில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். தினமும் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பியுங்கள். வயிற்றுப் பயிற்சிகள் ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு.

அடுத்த குழந்தை

உங்கள் கணவருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, “எப்படியும் அறுக்கத்தான் போகிறார்கள்” என்பது. ஒரு சிசேரியனுக்குப் பிறகு தகுந்த பெண்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நூற்றில் 60 முதல் 80 பேருக்கு அது நடக்கிறது. நீங்கள் எட்டு சென்டிமீட்டர் வரை போனவர் என்பது நல்ல அறிகுறி. ஆபத்தும் உண்டு: வலியின்போது பழைய தழும்பு கிழிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நடக்கிறது. நடந்தால் நிமிடங்களில் ஆபரேஷன் செய்ய வேண்டும். அதனால் இருபத்து நான்கு மணி நேரமும் அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் ரத்தமும் உள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும். இன்னொரு சிசேரியன்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் நியாயமான முடிவே. ஆனால் ஒவ்வொரு சிசேரியனும் அடுத்ததைக் கடினமாக்குகிறது. நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருக்கும் நிலையில், அது பழைய தழும்புக்குள் வேரோடிப்போகும் வாய்ப்பு இரண்டாவது சிசேரியனில் நூற்றுக்கு 11, மூன்றாவதில் 40. கர்ப்பப்பையையே எடுக்க நேரிடும் நிலை அது. எத்தனை குழந்தை என்பதையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, “அடுத்த வருடமே” என்பது. இரண்டு பிரசவங்களுக்கு இடையே ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தால் தழும்பு கிழியும் ஆபத்து கூடுகிறது. பிரசவமாகி இரண்டு ஆண்டு கழித்து அடுத்த கர்ப்பத்துக்கு முயலுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பால் கொடுப்பதால் கரு தங்காது என்று நம்பிவிடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் வராமல் இருந்தால் மட்டுமே அது பாதுகாப்பு. இரவுக்குப் பசும்பால் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அப்படியானால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பசும்பாலை நிறுத்துங்கள், இந்த வயதில் குழந்தைக்கு அது ஆகாது. ஆறு வாரப் பரிசோதனையின்போது காப்பர்-டி அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி பற்றிக் கேளுங்கள். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். அதுவரை ஆணுறை. மறுபடி கருத்தரித்தால் ஆறு, ஏழு வாரத்திலேயே ஒரு ஸ்கேன் செய்து, கரு பழைய தழும்பில் ஒட்டியிருக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

இந்த முடிவுகளுக்கெல்லாம் ஆதாரம் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி. தோலில் குறுக்குக் கோடு இருப்பதால் கர்ப்பப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சீட்டில் கர்ப்பப்பையின் வெட்டு எந்தத் திசை, ஏன் சிசேரியன், எவ்வளவு திறந்திருந்தது, வேறு ஏதாவது கிழிந்ததா என்ற நான்கும் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் விதி. போனில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

60 நாளில் வேலை

உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவுக்கு டாக்டர் சான்றளித்தால் மேலும் ஒரு மாதம். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். சூப்பர்வைசரிடம் வாக்குவாதம் வேண்டாம். பிரசவச் சான்றோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குக் கணவரை அனுப்புங்கள். ரசீது வாங்கி வரச் சொல்லுங்கள்.

அழுகை

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை வந்து போவது பலருக்கும் உண்டு. ஐந்தாவது வாரத்திலும் தினமும் வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், குணக்கேடு அல்ல. தூக்கமின்மை, ரத்தசோகை, தைராய்டு இவையும் இதைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டரிடம் தையலைப் பற்றிச் சொல்வதுபோல இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதற்கும் காத்திருக்கக் கூடாதவை

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து சூடாகிச் சீழ் வருதல், தையல் வாய் பிளத்தல், நாற்றத்தோடு உதிரப்போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி, கடும் தலைவலியோடு பார்வை மங்குதல். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள்.

உங்கள் கசிவுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் ஆறு வாரப் பரிசோதனை வரை அதைத் தள்ளிப்போடாமல் இந்த இரண்டு மூன்று நாளுக்குள் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டிவிடுங்கள். அன்றைக்கே சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைக்கும் எழுதி வாங்குங்கள். குளுக்கோஸ் பரிசோதனைக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் போக வேண்டும்; அந்த நேரத்திலும் தண்ணீர் குடிக்கலாம்.